ஐஸ் ஹவுஸும் இனிப்பு டீயும்

சில வருடங்களுக்கு முன் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா. ஜூலை மாதம். அமெரிக்கா என்றால் குளிர் என்று நினைத்து ஸ்வெட்டரெல்லாம் எடுத்துப் போனது வீண். நம் மாகறலின் சித்திரை வெயிலுக்குக் கொஞ்சமும் சளைக்காத வெயில், கூடவே மெட்ராஸ் புழுக்கம்.

ஒருநாள் மதியம் ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். பரிமாற வந்த பெண்மணி முதலில் கேட்டதே, "ஸ்வீட்டா, அன்ஸ்வீட்டா?" என்றுதான். "சாப்பாட்டுக்கு முன்னாடியே ஸ்வீட்டா?" என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். மகன் சிரித்துவிட்டு, "அம்மா, அவங்க டீயைக் கேக்கறாங்க" என்றான். வந்தது டீதான். ஆனால் பால் இல்லை, சூடு இல்லை. நம் சொம்பு கொள்ளும் அளவுக்குப் பெரிய கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மேல் ஐஸ், மேலே ஒரு எலுமிச்சைத் துண்டு. தித்திப்பு என்றால் அப்படி ஒரு தித்திப்பு. பாதி குடித்தால் பாத்திரத்தோடு வந்து மறுபடி நிரப்பிவிடுகிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாய்க்குப் பிறகு, "ஏங்க, நம்ம பானகம் மாதிரி இல்ல?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தித்திப்பு, எலுமிச்சை, குளிர்ச்சி, வந்தவர்க்கெல்லாம் கேட்காமலே ஊற்றுவது என்று எல்லாமே ராமநவமிப் பானகம்தான். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "இது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம்" என்கிறார்கள். அதையும் கொஞ்சம் தேடிப் பார்ப்போமே என்று மகனோடு நூலகத்துக்குப் போனேன். தேடினால் நம் மெட்ராஸ் ஐஸ் ஹவுஸில் வந்து நிற்கிறது கதை.

இந்த டீக்கு மூன்று பொருள் வேண்டும். தேயிலை, சர்க்கரை, ஐஸ். மூன்றும் இன்று மளிகைச் சரக்கு. இருநூறு வருடங்களுக்கு முன் மூன்றுமே பணக்காரர் வீட்டுப் பொருள். அதிலும் வெயில் தேசத்தில் ஐஸ் என்பது கைக்கு எட்டாத ஒன்று.

அமெரிக்காவின் வடகிழக்கில் பாஸ்டன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்குள்ள ஏரி குளமெல்லாம் உறைந்துபோகும். ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரிக்கு, அந்த உறைந்த நீரை வெட்டி வெயில் தேசங்களில் விற்றால் என்ன என்று ஒரு யோசனை. 1806-இல் முதல் கப்பலை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்கு அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம்தான் வந்தது. கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை. குதிரை பூட்டிய ஏர் போன்ற கருவியால் ஏரியின் மேல் கோடு கிழித்து, நம் ஊரில் கல் உடைப்பதுபோல ஒரே அளவுப் பாளங்களாக வெட்டியெடுக்கும் முறை 1820-களில் வந்தது. பாளங்களை நெருக்கமாக அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்துவிட்டால் வெளிச்சூடு உள்ளே போகாது. மரத்தூளோ மர அறுவை ஆலைகளில் குப்பையாகக் கிடந்த பொருள்.

டியூடரின் முக்கிய வாடிக்கை ஊர்கள் அமெரிக்காவின் தெற்கே இருந்தன. சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய மூன்றுமே வெயில் கொளுத்தும் துறைமுகங்கள். அங்கெல்லாம் ஐஸ் கிடங்கு கட்டினார். பிறகு அவர் கண் நம் பக்கம் திரும்பியது. 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நாலு மாதம் கடலில் வந்து, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தது. சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது!

கல்கத்தாவுக்குப் பிறகு பம்பாய், மெட்ராஸ். மெட்ராசில் கடற்கரையோரம் 1842 வாக்கில் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இன்றும் அந்தப் பகுதிக்கு அதே பெயர்தான். திருவல்லிக்கேணி பக்கம் பஸ்ஸில் போகும்போது 'ஐஸ் ஹவுஸ்' என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் அமெரிக்க ஏரி ஒன்று இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்?

ஆனால் நினைத்துப் பார்த்த அமெரிக்கர் ஒருவர் உண்டு. காந்தியடிகள் மதித்துப் படித்த ஹென்றி டேவிட் தோரோ. அவர் வால்டன் ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்தபோது, 1846-47 குளிர்காலத்தில், டியூடருக்காக ஆட்கள் வந்து அந்த ஏரியின் ஐஸை வெட்டினார்கள். 1854-இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் தோரோ அதைப் பற்றி எழுதும்போது, தன் கிணற்று நீரைக் குடிக்கும் ஊர்களாக சார்ல்ஸ்டனையும் நியூ ஆர்லியன்ஸையும், அவற்றோடு சேர்த்து மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாவையும் சொல்கிறார். அமெரிக்கத் தெற்கும் நம் தெற்கும் ஒரே வாக்கியத்தில்! அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆக, ஒரே தேசத்து ஐஸ் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு தெற்குகளுக்கும் வந்தது. அங்கே அது டீயில் விழுந்தது. இங்கே ஏன் விழவில்லை?

முதலில் அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐஸோடு டீ சேர்ந்தது முதலில் மதுவோடுதான். டீயில் மதுவும் சர்க்கரையும் பாலேடும் கலந்து விருந்துகளில் ஊற்றுவார்கள். 1839-இல் வெளிவந்த ஒரு கென்டக்கி சமையல் புத்தகத்தில் அப்படிப்பட்ட குறிப்பு இருக்கிறது. மது இல்லாத இனிப்பு ஐஸ் டீக்கு இதுவரை கிடைத்த பழைய அச்சுக் குறிப்புகளில் பேர்போனது, 1879-இல் மரியன் கேபல் டைரி என்ற அம்மையார் வெளியிட்ட வர்ஜீனியா சமையல் புத்தகத்தில் வருவது. காலையிலேயே டீயைப் போட்டு வைத்துவிட வேண்டும். பிறகு கலக்காமல் வடிகட்டி, அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். கோப்பை நிறைய ஐஸ், அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதன்மேல் டீ, ஒரு பிழி எலுமிச்சை. அந்த அம்மையார் சொல்லும் தேயிலை இன்றைய கறுப்புத் தேயிலை இல்லை, பச்சைத் தேயிலை!

1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில்தான் ஐஸ் டீ பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்தக் கதையின் நாயகன் இந்தியத் தேயிலைக்காரர்களின் சார்பில் அங்கே போயிருந்த ரிச்சர்ட் ப்ளெசிண்டன் என்ற வெள்ளைக்காரர். கொளுத்தும் வெயிலில் சூடான இந்தியத் தேநீரைச் சீந்துவார் இல்லையாம். உடனே அவர் ஐஸ் போட்டுக் கொடுத்தாராம், கூட்டம் அலைமோதியதாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 25 வருடம் முன்பே வர்ஜீனியாவில் செய்முறை அச்சாகிவிட்டதே! 1890-இல் மிசூரி மாநிலத்தில் நடந்த பழைய போர்வீரர் கூட்டம் ஒன்றில் 880 காலன் ஐஸ் டீ செலவானதாகப் பத்திரிகைச் செய்தியும் இருக்கிறது. ப்ளெசிண்டன் கண்டுபிடிக்கவில்லை, பரப்பினார் என்று சொன்னால் சரி.

அதற்குள் அங்கே ஐஸும் மலிந்துவிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை. தெற்கு மாநிலமான ஃப்ளோரிடாவில் ஜான் காரி என்ற டாக்டர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர வைக்க வேண்டும் என்று முயன்று, ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கு 1851-இல் காப்புரிமை வாங்கினார். அவர் வறுமையில் இறந்துபோனார். ஆனால் உள்நாட்டுப் போர் வந்து வடக்கிலிருந்து ஐஸ் வரத்து நின்றபோது, தெற்கத்திக்காரர்கள் இயந்திர ஐஸின் அருமையை உணர்ந்தார்கள். அதன்பின் ஊருக்கு ஊர் ஐஸ் ஆலை, வீட்டுக்கு வீடு ஐஸ் பெட்டி. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுதும் மதுவிலக்கு இருந்ததும் ஐஸ் டீக்குச் சாதகமாயிற்று. இரண்டாம் உலகப்போரில் சீன, ஜப்பான் பச்சைத் தேயிலை வரத்து நின்றது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த கறுப்புத் தேயிலைக்கு நாக்கு பழகிவிட்டது. இன்று "பாட்டன் பூட்டன் டீ" என்று அவர்கள் குடிக்கும் அந்தச் செம்பழுப்பு நிறம் இப்படி வந்ததுதான்.

இனி நம் பக்கம். ஐஸ் ஹவுஸ் ஐஸைக் கடற்கரையில் இறக்கிச் சுமந்தவர்கள் நம்மவர்கள். குடித்தவர்கள் பெரும்பாலும் துரைமார்கள், அவர்களோடு ஒருசில செல்வந்தர்கள். அது அவர்களுடைய பீருக்கும் ஒயினுக்கும் போனது. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். 1870-களில் மெட்ராசிலும் கல்கத்தாவிலும் நீராவி இயந்திர ஐஸ் வந்ததும் அமெரிக்க வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு கைமாறி, வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வீடானது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கேதான் தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி அம்மாள் இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதியும் அங்கே இருந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். துரைமார் பீரைக் குளிர வைத்த கட்டடம் எத்தனை பேருக்கு நிழல் கொடுத்திருக்கிறது பாருங்கள்.

தேயிலை நமக்கு அந்நியம் இல்லை. நீலகிரியில் 1830-களிலேயே நட்டுப் பார்த்தார்கள். ஆனால் விளைந்ததெல்லாம் கப்பலேறியது. தேயிலை பறித்தவர் நம்மவர், குடித்தவர் வேறு. 1903-இல் ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் டீயைப் பரப்பச் சட்டம் வந்தது. 1930-களில் வெளிநாட்டு விலை சரிந்தபோதுதான் தோட்டக்காரர்களுக்கு நம் ஞாபகம் நன்றாக வந்தது. ஊர் ஊராக ஆட்கள் வந்து, இலவசமாக டீ போட்டுக் கொடுத்து, இப்படித்தான் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருக்கலாம். என் பாட்டி அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "சும்மா குடுத்துப் பழக்கி வெச்சுட்டுப் போயிட்டான்" என்று முடிப்பாள்.

அவர்கள் பழக்கியது சூடான டீ. அதில் நம்மவர் பாலைச் சேர்த்து, கொதிக்கவிட்டு, ஒரு முழ உயரத்துக்கு ஆற்றி, தனதாக்கிக்கொண்டார்கள். விடியற்காலையில் தெருவில் பாவு போடும்போதும், தறிக்குழியில் கால் மரத்துப்போகும்போதும் தூக்குவாளியில் வந்த டீ அதுதான். நம் கிராமங்களில் ஐஸ் அப்போது சைக்கிள் பெட்டியில் குச்சி ஐஸாக வருவதோடு சரி. மேலும், கொதித்த டீயில் பயம் இல்லை. எந்தத் தண்ணீரில் செய்ததோ என்று ஐஸின்மேல் பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். டீயும் ஐஸும் இங்கே சந்திக்காமல் போனது இப்படித்தான்.

குளிர்ச்சிக்கு நமக்கு வேறு வழி இருந்தது. மண்பானையின் நுண்துளை வழியாக நீர் கசிந்து, காற்றில் ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஈர மணலில் பானையை வைத்து வெட்டிவேர் போட்டால் போதும். வைகாசியில் காஞ்சி வரதர் கருட சேவைக்கு நம் பக்கத்திலிருந்து நடந்தே போன காலத்தில், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை சேர்ந்த பானகமும் நீர்மோரும் குவளை குவளையாக ஊற்றுவார்கள். கப்பல் வேண்டாம், மரத்தூள் வேண்டாம். அந்த வகையில் நாம் அமெரிக்காவுக்கு மூத்தவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பெருமையோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கத் தெற்கில் இந்த டீயை உபசாரத்தின் அடையாளம் என்பார்கள். திண்ணையில் உட்காரவைத்து ஊற்றிக் கொடுப்பது பண்பாடு. ஆனால் அந்த டீயில் கரைந்த சர்க்கரையில் ஒரு பெரும் பங்கு லூசியானாவில் கறுப்பின அடிமைகள் கரும்பு வெட்டிச் செய்தது. அடிமைமுறை போனபிறகும், வெள்ளையர் வீட்டில் அந்த டீயைத் தயாரித்து ஏந்தி வந்த கறுப்பினப் பெண்மணி அதே மேஜையில் உட்கார்ந்து குடிக்க முடியாது. கடைகளிலும் அப்படியே. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நாலு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. பொது இடங்களில் அந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1964-இல் வந்தது.

அதைப் படித்தபோது எனக்கு ஒரு டீக்கடை ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஊர், பெயர் வேண்டாம். கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். வெளியே கூரை எரவாணத்தில் செருகி வைத்த அலுமினிய டம்ளரை எடுத்துக் கழுவி நீட்டியவர்களுக்கு, கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார் கடைக்காரர். குடித்துவிட்டு அவர்களே கழுவி மறுபடி செருகிவிட்டுப் போக வேண்டும். இத்தனைக்கும் பொதுக்கடையில் புழங்கும் பாத்திரத்தில்கூடத் தீண்டாமை பார்ப்பது குற்றம் என்று நம் நாட்டில் 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு ஒன்பது வருடம் முன்பு. சட்டம் புத்தகத்தில் இருந்தது, டம்ளர் எரவாணத்தில் இருந்தது. நான் தினமும் அந்தக் கடையில் கண்ணாடி கிளாஸில் டீ குடித்தேன். ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரீன்ஸ்பரோ பையன்களுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. எனக்கு அப்போது அவர்களைவிட வயது கூட.

வழியில் பந்தல் போட்டு முன்பின் தெரியாதவர்க்குப் பானகம் ஊற்றிய அதே ஜனங்கள்தான் டீக்கடையில் இரண்டு டம்ளர் வைத்ததும். அந்தப் பந்தலிலும்கூட எல்லாருக்கும் ஒரே குவளையா என்று சின்ன வயதில் நான் கவனித்ததில்லை. கவனிக்காமல் இருக்க முடிந்ததே என் வசதிதான் என்று இப்போது தோன்றுகிறது.

அட்லாண்டாவில் நாங்கள் சாப்பிட்ட அந்த ஓட்டலில் வெள்ளையர், கறுப்பர், எங்களைப் போன்ற மாநிறத்தார் எல்லாரும் அடுத்தடுத்த மேஜையில் ஒரே மாதிரி டம்ளரில் ஒரே டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். 2003-இல் அந்த ஜார்ஜியாவின் சட்டமன்றத்தில், ஐஸ் டீ விற்கும் ஓட்டல்கள் எல்லாம் இனிப்பு டீயும் வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு உறுப்பினர் வேடிக்கையாக மசோதா கொண்டுவந்தாராம். மகன் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு காலத்தில் அதே மாநிலத்தில் யார் எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்பதற்குச் சட்டம் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு எங்கள் வீட்டு அளவு: ஒரு லிட்டர் தண்ணீர், நாலு ஸ்பூன் நல்ல நீலகிரித் தேயிலை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துத் தூளைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்கவும். கொதிக்க விட்டால் கசக்கும். வடிகட்டிய சூட்டோடு சர்க்கரை போட்டுக் கரைக்க வேண்டும். குளிர்ந்தபின் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்கர் அரைக் கப்புக்குக் குறையாமல் போடுவார்கள். நம் வயதில் சர்க்கரை வியாதியை நினைத்துப் பாதியாக்கிக்கொள்ளலாம். அறைச் சூட்டுக்கு ஆறியபிறகே ஃபிரிட்ஜில் வைக்கவும், அவசரப்பட்டால் டீ கலங்கிப் போகும். பரிமாறும்போது ஐஸ், எலுமிச்சை.

போன சித்திரையில் திருமாகறலீசர் கோயிலுக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கு இதைச் செய்து கொடுத்தேன். வாசலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆட்களையும் கூப்பிட்டேன். அவர்களில் மூத்தவர் வழக்கம்போல வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "இங்கியே குடுங்க சார்" என்றார். "உள்ள வாங்க பெரியவரே, ஃபேன் ஓடுது" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் உட்கார்ந்தார். எல்லாருக்கும் ஒரே செட் கண்ணாடி டம்ளர்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ ஆறிப்போச்சு சார்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார்.